உனக்கு அது போதும்

ஜனவரி மாதம், மாலை ஸ்பெஷல் கிளாஸ். மெல்லக் கற்கும் மாணவர்கள் என்று பிரித்து உட்கார வைத்திருந்த ஒன்பது பேரில் அவனும் ஒருவன். வரைபடக் கணக்கு: எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் எக்ஸ் பிளஸ் 7 ஈக்வல் டு ஜீரோ. அட்டவணை போட்டு, புள்ளி வைத்து, வளைவரையை அழகாகவே வரைந்திருந்தான். வளைவரை எக்ஸ் அச்சைத் தொடும் இடம்தான் விடை. ஆனால் அது தொடாமல் மேலேயே நின்றது. நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"சார், கோடு கீழயே வரல. அப்போ இதுக்கு விடையே இல்லையா? விடை இல்லாத கணக்கை ஏன் சார் போடணும்?"

நான் சொன்னது: "மெய்யான தீர்வுகள் இல்லைன்னு எழுதுடா. உனக்கு அது போதும்."

சரி சார் என்று போய் எழுதினான். அவ்வளவுதான் நடந்தது. 'போதும்' என்ற சொல்லைக்கூட என்னால் நியாயப்படுத்திக்கொள்ள முடிகிறது. அதற்கு முன்னால் இருக்கும் 'உனக்கு'தான் உறுத்துகிறது.

பத்தாம் வகுப்புக் கணக்கு எடுப்பவர்களுக்கு இந்தக் கூட்டல் மனப்பாடம். செய்முறை வடிவியல் 8, வரைபடம் 8, ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. மொத்தம் 30. மீதி 5 மதிப்பெண்ணை எங்கிருந்தாவது தேற்றிவிட்டால் பையன் பாஸ். அரையாண்டில் 19 வாங்கியவனை மார்ச்சுக்குள் 35-க்குக் கொண்டுவர வேறு வழி எனக்குத் தெரியாது. அவன் ஃபெயிலாகி, ஜூலையில் துணைத்தேர்வுக்கு வராமலேயே வேலைக்குப் போயிருந்தால் யார் பொறுப்பு? அப்படிப் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பயிற்சிக்கு வரும் பி.எட். பிள்ளைகளிடம் நான் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு: கேள்வி கேட்கிற பிள்ளையை உட்காரச் சொல்லாதீர்கள், பாடம் முடியாவிட்டாலும் பரவாயில்லை. மனதாரத்தான் சொல்கிறேன். அன்றைக்கு அதே வாயால்தான் இதையும் சொன்னேன்.

நேரம் இல்லை என்று பல நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மெய்யெண்ணில் இல்லாத அந்த விடை, பன்னிரண்டாம் வகுப்பில் கலப்பெண்கள் பாடத்தில்தானே கிடைக்கும், அதை எப்படி இவனுக்கு விளக்குவது என்றும். பிறகு ஒருநாள் அதே கணக்கைத் திருத்தும்போதுதான் பார்த்தேன், பதில் அவன் போட்ட அட்டவணையிலேயே இருந்திருக்கிறது. 13, 9, 7, 7, 9, 13. "எண்கள் எவ்வளவு தூரம் இறங்குது பாருடா, 7-கிட்ட வந்துட்டுத் திரும்பி ஏறுது. பூஜ்ஜியத்தை எங்கே தொடும்?" என்று கேட்டிருந்தால் போதும். இரண்டு நிமிடம். விடை இல்லை என்று கண்டுபிடிப்பதும் ஒரு விடை என்பதை அவனே சொல்லியிருப்பான். முதல் வரிசைப் பிள்ளை கேட்டிருந்தால் நான் நிச்சயம் சாக்பீஸை எடுத்திருப்பேன். இதை எழுதவே சங்கடமாக இருக்கிறது.

அவன் 43 வாங்கினான். மதிப்பெண் பட்டியல் வாங்க வந்தபோது ஐடிஐயில் ஃபிட்டர் சேரப்போவதாகச் சொன்னான். சந்தோஷமாகத்தான் இருந்தான். அந்தக் கேள்வி அவனுக்கு ஞாபகம் இருக்குமா என்றுகூடத் தெரியாது. கேட்கலாம் என்று வாயெடுத்தேன். பின்னால் வரிசை நின்றது. அப்புறம், கேட்டு என்ன செய்வது? என் பாரத்தை அவன் தலையில் இறக்குவதாகிவிடும் என்று தோன்றியது. அதுவும் ஒரு சாக்காக இருக்கலாம். ஆனால், அந்த ஜனவரிக்குப் பிறகு ஸ்பெஷல் கிளாஸில் அவன் வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இந்த வருடம் பதினோரு பேர். போன வாரம் அதே கணக்கைப் போட்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. நானாகவே அட்டவணையைக் காட்டி, 7, 7 என்று விரல் வைத்து விளக்கினேன். இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். மற்றவர்கள் அளவுத்திட்டம் எழுதிக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "இதையும் எழுதணுமா சார்?" என்று கேட்டாள்.

வேண்டாம்மா என்றேன்.