14-ஆம் நம்பர் வீடு

"வர்ற சனிக்கிழமை ஓப்பன் ஹவுஸ் வச்சிடலாங்க்கா" என்று, வாங்க நினைக்கிறவர்களுக்கு வீட்டைத் திறந்து காட்டுகிற நாளைச் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டை விற்றுத்தர வந்த ஏஜெண்டுத் தம்பி போய்விட்டார். உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் காதில் 'ஓப்பன் ஹவுஸ்' மட்டும்தான் விழுந்திருக்கிறது. மலேசியாவில் அதற்குப் பொருளே வேறு. தீபாவளியோ நோன்புப் பெருநாளோ சீனப் பெருநாளோ, வாசலைத் திறந்து வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடுவதுதான் இங்கே ஓப்பன் ஹவுஸ். பேப்பரில் 'திறந்த இல்ல உபசரிப்பு' என்று எழுதுவார்கள். தீபாவளி போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதே, இப்போது எதற்கு என்று அத்தை கேட்கவே இல்லை. மகன் ஏதோ நல்ல சேதி வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாராம். வெள்ளிக்கிழமை ராத்திரி பார்த்தால் அண்டாவில் கடலைப்பருப்பு ஊறுகிறது, ஃபிரிட்ஜில் ஆறு கோழி இருக்கிறது (பக்கத்து வீட்டு மலாய்க்காரக் குடும்பமும் சாப்பிட வேண்டும் என்பதால் இந்த மாதிரி நாட்களில் ஹலால் கோழிதான் வாங்குவார்), தாமான் (எங்கள் குடியிருப்பு) முழுக்கச் சொல்லியும் ஆகிவிட்டது.

ஆக, 2023 ஜனவரியில் அந்தச் சனிக்கிழமை வீடு பார்க்க வந்தவர்கள் நான்கு குடும்பம், சாப்பிட வந்தவர்கள் நாற்பது பேருக்கு மேல். சமையல் வாசனையே வரக்கூடாது, பூஜை மேடையில் பத்திகூட வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்த தம்பி, வாசலில் கோழிப் பிரட்டல் மணத்துக்கு நடுவே ஃபைலைப் பிடித்துக்கொண்டு, யார் வாங்க வந்தவர், யார் வடைக்கு வந்தவர் என்று புரியாமல் முழித்துக்கொண்டிருந்தார். ஈப்போவிலிருந்து வந்த ஒரு சீன அம்மா மசால்வடையைக் கடித்துக்கொண்டே ஒவ்வோர் அறையாகப் பார்த்தார். விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வடையில் சோம்பு எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நான் மணப்பாறைப் பக்கத்துக்காரி. 2011-இல் கல்யாணமாகி சுங்கை சிப்புட் வந்தேன். ஈப்போவுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர், ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர், இப்போது பார்க்கிற பக்கமெல்லாம் செம்பனை. 1948 ஜூனில் வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் இந்த ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் சுட்டுக் கொன்றதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசர காலம் வந்தது. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊரும் இதுதான். இதெல்லாம் தெரிந்துகொள்ள எனக்கு வருடக்கணக்கானது. முதல் வருடம் பேச்சே பிடிபடவில்லை. தமிழ்தான் பேசுகிறார்கள், எனக்குத்தான் புரியவில்லை. காலையில் எதிர்ப்பட்டவர் "பசியாறிட்டீங்களா?" என்றால் ஏதோ பட்டினி கிடந்ததை விசாரிக்கிறார் என்று நினைப்பேன். ரூபாய் கிடையாது, வெள்ளி. கார் கிடையாது, காடி. எங்கள் ஊரில் காடி என்றால் புளித்த நீர். "உங்க வீட்டு முன்னால எத்தனை காடி நிக்கும்?" என்று ஒருவர் கேட்டபோது நான் சமையற்கட்டைத் திரும்பிப் பார்த்தேன். பன்னிரண்டு வருடம் கழித்து, வந்தவர்கள் அதே கேள்வியைக் கேட்க, "உள்ள ரெண்டு காடி, வெளிய ஒண்ணு, தாராளமா நிக்கும்" என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீடு என் வீட்டுக்காரர் பேரில். என் பேரைச் சேர்க்கிற பேச்சே எழவில்லை. வெளிநாட்டவர் இங்கே வீடு வாங்கப் பெரும்பாலான மாநிலங்களில் குறைந்தபட்ச விலையே 10 லட்சம் வெள்ளி, நான் மனைவி விசாவில் இருக்கிறவள். எங்களுடையது 2013-இல் 1,35,000 வெள்ளிக்கு வாங்கிய ஒற்றைத் தளத் தொடர் வீடு. பத்திரத்தில் நான் இல்லை. ஆனால் வந்தவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டியது முழுக்க நான்தான், என் வீட்டுக்காரருக்கு அதற்குள் பினாங்குப் பக்கம் ஜூருவில் புது வேலை கிடைத்து வாரக் கடைசியில் மட்டும் வந்துகொண்டிருந்தார்.

அத்தைக்கு இந்த வீடு எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பிறந்தது, வளர்ந்தது, பிள்ளை பெற்றது எல்லாம் லயத்து வீட்டில். விடியற்காலை இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போனவர். வேலை இருக்கும்வரைதான் லயம். 55 வயதில் வேலையை விட்டதும் சாவியைக் கிராணியிடம் (தோட்டத்துக் கணக்கர்) கொடுத்துவிட்டு, இரண்டு பீரோவையும் சாமி படங்களையும் ஒரு லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்களாம். சம்பந்தன் 1960-இல் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கிய தோட்டத் தொழிலாளிகளில் அத்தையின் அப்பாவும் ஒருவர், தோட்டம் நமக்கே சொந்தமாகும் என்ற நம்பிக்கையில். அப்படி நமக்கென்று ஒரு கதவு எண் வந்தது இந்த 14-இல்தான்.

அந்த 14 பெரிய தலைவலியானது. எனக்குத் தெரியவே தெரியாது. இங்கே சீனர்கள் பேசுகிற கந்தோனீஸில் நாலு என்கிற எண்ணும் சாவும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்குமாம், 14 என்றால் 'நிச்சயம் சாவு' என்பது போலக் கேட்குமாம். புது அடுக்குமாடிகளில் 4, 14-க்குப் பதிலாக 3ஏ, 13ஏ என்று போட்டிருப்பதை நான் ஏதோ கணக்குப் பிழை என்று நினைத்திருந்தேன். விளம்பரத்தில் கதவு எண் வராமல் படம் எடுத்திருந்தார் தம்பி. என்ன பயன்? ஒரு தவுக்கே (சீன முதலாளி) காடியை நிறுத்தினார், கதவைப் பார்த்தார், கண்ணாடியை இறக்கி ஒரு கும்பிடு போட்டார், போய்விட்டார். அத்தைக்குக் கோபம். "ஒண்ணையும் நாலையும் கூட்டினா அஞ்சு, அஞ்சு நல்ல நம்பர்தானே, படிச்சவன்தானே அவன்" என்று வாசல்வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார், காடி போன பிறகு.

2017-இல் 68,000 வெள்ளி செலவழித்து வீட்டை உடைத்துக் கட்டியிருந்தோம். பின்பக்கம் சமையலறையை நீட்டி, எண்ணெய்ப் புகைச் சமையலுக்கு ஈரச் சமையலறை தனியாக, புது டைல்ஸ், இரண்டு குளியலறை, முன்னால் காடி நிறுத்த நீண்ட கூரை, ஆட்டோ கேட். வருகிறவர்கள் இதையெல்லாம் பார்த்து வாயைப் பிளப்பார்கள் என்று நான் மனப்பாடமாகப் பேச்சு வைத்திருந்தேன். ஒருவரும் பிளக்கவில்லை. வந்தவர்கள் மேலே பார்த்தார்கள், சீலிங்கில் மழைநீர்க் கறை இருக்கிறதா என்று. டைல்ஸைக் காசால் தட்டிப் பார்த்தார்கள், உள்ளே காற்று இருந்தால் டொக்கென்று சத்தம் வருமாம். குழாயைத் திறந்துவிட்டு வேகம் பார்த்தார்கள். கதவு நிலையை நகத்தால் கீறிக் கறையான் பார்த்தார்கள். ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒவ்வொரு கழிவறையிலும் மூன்று முறை தண்ணீர் விட்டார். நான் 4,000 வெள்ளி கொடுத்து ஆசை ஆசையாகப் போட்ட ப்ளாஸ்டர் சீலிங் டிசைனைப் பார்த்து ஒரு மருமகள், "இதை எடுக்க எவ்ளோ ஆகும் அண்ணே?" என்று தன்னோடு வந்த கொந்தராக்டரைக் கேட்டாள், என் முன்னாலேயே. சரி, அவள் வீடு, அவள் சீலிங். அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை, ராத்திரி இரண்டு மணிவரை தூங்கவில்லை.

முதலில் பிடித்துப்போய்ப் பேசி முடித்தது ஜொகூரில் இருக்கிற ஒரு தம்பதி. பாலத்தைத் தாண்டி தினமும் சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள். அந்தப் பெண்ணின் பெற்றோர் இங்கே பக்கத்துத் தோட்டத்து லயத்தில் இருந்தார்கள், அப்பாவுக்கு 60 ஆகப்போகிறது, வேலை முடிந்தால் லயத்தையும் விட வேண்டும், அதற்குள் ஒரு வீடு. அந்த அம்மா வந்து நின்று பூஜை மேடையைத் தொட்டுக் கும்பிட்டதைப் பார்த்ததும் அத்தை மனசு இளகிவிட்டது. நாங்கள் கேட்டது 2,55,000, 2,45,000-க்கு இறங்கினோம். இறக்கியது அத்தை, நாங்கள் இல்லை. முன்பணம் இரண்டு சதவீதம் வாங்கினோம். பாங்கில் கடன் வரவில்லை. அந்தப் பையன் படித்த காலத்துக் கல்விக்கடனை ரொம்ப நாள் கட்டாமல் விட்டது மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கடன் பதிவில் நின்றிருக்கிறது. "பொறுத்துப் பார்க்கலாம்" என்று அத்தை இரண்டு மாதம் இழுத்தார். கடைசியில் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஏஜெண்டுத் தம்பி முகம் செத்துப்போனது, பாவம், அவருக்கு வர வேண்டிய கமிஷன் போயிற்று, மூன்று சதவீதத்துக்குள் என்றாலும் காசுதானே. அந்தப் பெற்றோர் இப்போது பட்டணத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். அத்தை இன்னமும் தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்புகிறார்.

இதற்கு நடுவில் இன்னொரு வினை. பின்னால் நீட்டிய சமையலறைக்கு நகராண்மைக் கழகத்தில் பிளான் அனுமதி வாங்கவே இல்லை. கட்டியவர் "எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க, யார் வந்து பாக்கப்போறா" என்றார், நாங்களும் தலையாட்டினோம். யார் பார்ப்பார்கள் என்பது விற்கும்போதுதான் தெரிகிறது. பாங்க் அனுப்பிய மதிப்பீட்டாளர் பழைய பிளானைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். அனுமதியில்லாத பகுதியைக் கணக்கில் சேர்க்கவில்லை. எங்கள் 68,000-இல் பாதிக்குமேல் அந்தச் சமையலறையில்தான் போயிருந்தது, காகிதத்தில் அது இல்லவே இல்லை. அப்புறம் பிளான் வரைகிறவரைப் பிடித்து, இருக்கிறபடி வரையவைத்து, அபராதமும் கட்டணமும் கட்டி, நாலு மாதம் ஓடியது. வீடு உடைத்துக் கட்டப்போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், டைல்ஸ் வாங்கப் போவதற்கு முன்னால் பிளானைப் பாருங்கள். ரசீதுகளையும் தூக்கிப்போடாதீர்கள். வாங்கிய ஐந்து வருடத்துக்குள் விற்றால் லாபத்தின் மேல் சொத்து ஆதாய வரி உண்டு, முதல் மூன்று வருடத்தில் 30 சதவீதம், அதில் இந்தச் செலவைக் கழிக்க ரசீது வேண்டும். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, 2022-இலிருந்து குடிமக்களுக்கு ஆறாவது வருடம் முதல் அந்த வரி கிடையாது. ஃபாரம் மட்டும் நிரப்பி அனுப்ப வேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொண்டார்.

ஆகஸ்ட்டில் வந்தவர் ஒரு மலாய் நர்ஸ், கணவர் பள்ளி ஆசிரியர், மூன்று பிள்ளைகள். என்னைக் காக் (அக்கா) என்றார், அத்தையை ஆண்ட்டி. ஒரே ஒரு கேள்விதான் என்னிடம் கேட்டார்: மழை பெய்தால் பின்சந்தில் தண்ணீர் நிற்குமா? நிற்கும், கணுக்கால் அளவு, அரை மணியில் வடிந்துவிடும் என்று உள்ளதைச் சொன்னேன். ஏஜெண்டுத் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, அப்படியானால் வாங்குகிறோம் என்றார், நிற்காது என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டாராம், அவருடைய தோழி அடுத்த வரிசையில்தான் இருக்கிறாளாம்.

2,38,000-க்கு முடிந்தது. அரசு ஊழியர் என்பதால் பொதுத்துறை வீட்டு நிதி வாரியத்தின் கடன், முழுத் தொகையும். அது பாங்க் கடன் மாதிரி மூன்று மாதத்தில் வந்துவிடாது, பொறுமை வேண்டும் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள், பணம் கையில் வரப் பிப்ரவரி ஆனது. அந்த ஆறு மாதமும் அவர்கள் வாரம் தவறாமல் வந்துபோனார்கள், அளவெடுக்க, திரைச்சீலைக்கு, சும்மாவும். நோன்புக்கு முன்னாலேயே குடிவர வேண்டும் என்று அவர்களுக்கு அவசரம். பூஜை மேடை இருந்த இடத்தில் என்ன வைப்பீர்கள் என்று நான் கேட்கவில்லை, அத்தை கேட்டுவிட்டார். புத்தக அலமாரி என்றார் அந்த ஆசிரியர். "சரஸ்வதிதானே, சரி" என்றார் அத்தை, தமிழில். அவர்களுக்குப் புரியவில்லை, நானும் மொழிபெயர்க்கவில்லை.

சாவி கொடுத்த அன்று நான்தான் அழுதேன். அத்தை அழவில்லை. "சாவியத் திருப்பிக் குடுக்கறது எனக்குப் புதுசா? போன தடவ காசு வரல, இந்தத் தடவ வந்திருக்கு" என்றார். வாசலை ஒருமுறை கூட்டினார், கருவேப்பிலை மரத்தில் இரண்டு கொத்து ஒடித்து மடியில் கட்டிக்கொண்டு காடியில் ஏறினார்.

ஜூருவுக்குப் பக்கத்தில் இருக்கிற புக்கிட் மெர்தாஜாம் வந்து சேர்ந்த மறுநாள் காலையில் நர்ஸ் ஃபோன் செய்தார். பின்கதவுக்குப் பக்கத்தில் ஒரு விளக்குமாறு இருக்கிறது, நல்லதாகத்தான் இருக்கிறது, மறந்துவிட்டீர்களா, அந்தப் பக்கம் வரும்போது எடுத்துவரட்டுமா என்று. பழைய விளக்குமாற்றைப் புது வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது என்பதை மலாயில் எப்படிச் சொல்வது என்று யோசித்துவிட்டு, அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மழை நின்ற பிறகு பின்சந்தைக் கூட்ட அதுதான் நல்லது என்றும் சொன்னேன்.