சால்டேர்ல இருந்து பிங்லி வரைக்கும் ஒரு நடை

இங்கிலாந்துல லீட்ஸ்ல ரயில் ஏறினா கால் மணி நேரத்துல சால்டேர் வந்துடும், அங்கேருந்து கால்வாய் ஓரமாவே பிங்லி போயிடலாம், மூணு மைலுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். அக்டோபர் கடைசில நானும் வீட்டுக்காரரும் கிளம்பிட்டோம். சால்டேர் ஊரே டைட்டஸ் சால்ட்ங்கற மில் முதலாளி தொழிலாளிங்களுக்காகக் கட்டினது, மில் திறந்தது 1853ல. ஊருக்குள்ள பப் வைக்கவே விடலையாம் மனுஷன்!

இது லீட்ஸ் லிவர்பூல் கால்வாய், மொத்தம் 127 மைல். நாம நடக்கற பாதை அந்தக் காலத்துல குதிரைக்குப் போட்டது, கயிறு கட்டி படகை இழுத்துட்டுப் போகும். ஒரு பழைய பாலத்துக்கு அடியில கல்லைத் தடவிப் பாருங்க, கயிறு உரசி உரசி விரல் நுழையற அளவுக்குப் பள்ளம்.

ஹர்ஸ்ட் வுட்ங்கற காட்டுக் கிட்ட வந்தா பீச் (beech) மரத்து இலையெல்லாம் தண்ணி தெரியாத அளவுக்கு மூடிக் கிடக்கு, எங்களுக்கு முன்னாடி போன ஒரு நாய் தரைன்னு நினைச்சு கால வச்சு தொபுக்கடீர்னு உள்ள போயிடுச்சு. படகுக்காரங்களுக்கும் இது பெரிய இம்சை, இலை ப்ரொப்பெல்லர்ல சுத்திக்கும், ரிவர்ஸ் போட்டு உதறிட்டு உதறிட்டுப் போறாங்க. கொஞ்ச தூரத்துல கால்வாயே ஏழு வளைவுப் பாலத்து மேல ஏறி ஏர்ங்கற ஆத்தைத் தாண்டுது, கீழயும் தண்ணி மேலயும் தண்ணி.

ஆனா விஷயமே பிங்லி ஃபைவ் ரைஸ்தான். 1774ல திறந்தது, அஞ்சு லாக், அதாவது படகை ஏத்தி இறக்கற கதவு வச்ச தண்ணித் தொட்டி, ஒட்டி ஒட்டி இருக்கு, ஒண்ணோட மேல் கதவுதான் அடுத்ததுக்குக் கீழ் கதவு. படகு கிட்டத்தட்ட 59 அடி ஏறணும். மோட்டார் கிடையாது பம்ப் கிடையாது, மேல் தொட்டித் தண்ணியைக் கீழ் தொட்டிக்குத் திறந்து விட்டா அது நிரம்பும், படகு தானா மேல வரும், அவ்ளோதான். ஏறும்போது அடித் தொட்டி காலி, மேல நாலும் ஃபுல்லா இருக்கணும், வரிசை மாறினா தண்ணி வழிஞ்சு ஓடிடும், அதனாலயே அங்க லாக் கீப்பர் நிக்கறார். ஒரு படகு ஏறி முடியற வரைக்கும் நின்னு பார்த்தோம், வீட்டுக்காரர் வேற கதவைத் தள்ளிக் குடுக்கப் போயிட்டார்.

பிங்லில இறங்கி சால்டேர் பக்கமா நடக்காதீங்க, லாக் முதல்லயே முடிஞ்சிடும், அப்புறம் சப்புன்னு இருக்கும். மேல கஃபே ஒண்ணு இருக்கு, நல்ல ஷூ போட்டுட்டுப் போங்க, ஈர இலை சரியா வழுக்குது.