புளியங்கொட்டைக் கணக்கு

ஜனவரி 20, 2025, திங்கள் (நாள் 1)

திருவண்ணாமலை வந்து சேர்ந்தாயிற்று. செங்கம் சாலையை ஒட்டி ஒரு வீட்டு மாடியில் ஒற்றை அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் மலை. ஒரு மண்டலம், 48 நாள், இங்கேயே இருப்பதாக முடிவு. வீட்டுக்கார அம்மாவிடம் 48 புளியங்கொட்டை கேட்டு வாங்கி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். தினம் காலையில் ஒன்றை எடுத்து ஜன்னல் திட்டில் வைக்க வேண்டும். போனில் தேதி இருக்கிறதுதான். ஆனாலும் ஒரு நாளைக் கையால் தொட்டு எடுத்து வைத்துப் பார்க்க ஆசை.

அம்மா போய் அடுத்த மாதத்தோடு ஒரு வருடம். கடைசி ஆறு வருடமும் மறதி நோய். அந்த ஆறு வருடத்தில் அவள் அதிகம் கேட்ட கேள்வி, "மணி என்ன?" பத்து மணிம்மா என்பேன். சரி என்பாள். இரண்டு நிமிடத்தில் மறுபடியும், "மணி என்ன?" ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை இருக்கும். அவள் போனபோது மணி பிற்பகல் 3.10. யாரும் கேட்கவில்லை. நானாகவே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஜனவரி 24, வெள்ளி (நாள் 5)

ரமணாசிரமத்துப் பழைய ஹாலில் தினம் காலையும் மாலையும் உட்காருகிறேன். இன்று காலை கண்ணை மூடி, மூச்சைப் பார்த்து, முழங்கால் வலியைப் பார்த்து, அரை மணியாவது ஆகியிருக்கும் என்று கண்ணைத் திறந்தால் ஏழு நிமிடம். வெளியே மயில் அகவுகிறது. மறுபடி மூடினேன். மறுபடி ஒரு யுகம். ஒன்பது நிமிடம்.

ஆனால் ராத்திரி படுத்துக்கொண்டு இந்த ஐந்து நாளையும் நினைத்துப் பார்த்தால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடுகிறது. செவ்வாயா புதனா, எது எந்த நாள் என்றே பிரிக்க முடியவில்லை. அம்மாவோடு இருந்த வருடங்கள் இதற்கு நேர் எதிர். அப்போது பொழுது போனதே தெரியாது. குளிப்பாட்டி, சோறு ஊட்டி, துணி மாற்றி நிமிர்ந்தால் விளக்கு வைக்கும் நேரம் வந்திருக்கும். இப்போது திரும்பிப் பார்த்தால் முடிவே இல்லாமல் நீளுகிறது. புதிதாக ஏதாவது நடக்கும்போதெல்லாம் மனசு ஒரு முடிச்சுப் போட்டு வைக்கிறது என்று தோன்றுகிறது. அப்புறம் அந்த முடிச்சுகளை எண்ணித்தான் கயிறு எவ்வளவு நீளம் என்று சொல்கிறது. இங்கே முடிச்சே விழவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு (நாள் 14)

விரூபாட்ச குகைக்கு ஏறினேன். உள்ளே வெக்கை. விரூபாட்ச தேவரின் விபூதி சமாதிக்கு எதிரே ஒரு மூலையில் இடம் கிடைத்தது. ரமணர் 1899 முதல் 1916 வரை இருந்த இடம்.

மதுரையில் 1896 ஜூலையில், பின்னாளில் ரமணர் ஆன பதினாறு வயதுப் பையன் வேங்கடராமனுக்குத் திடீரென்று சாவு பயம் வருகிறது. உடம்பில் ஒரு நோயும் இல்லை. மாடி அறையில் தனியாகப் படுத்து, கைகால்களை விறைத்துக்கொண்டு, செத்தால் எது சாகும் என்று பார்க்கிறான். எல்லாம் சில நிமிடங்கள். ஆறு வாரத்தில் வீட்டை விட்டுக் கிளம்பி செப்டம்பர் 1 அன்று இங்கே வந்துவிடுகிறான். அப்புறம் 1950 வரை 54 வருடம் இந்த ஊரை விட்டு நகரவில்லை. அந்தச் சில நிமிடங்களையும் இந்த 54 வருடங்களையும் எந்தப் படியால் அளப்பது? குகைக்குள் இருந்த நேரமெல்லாம் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

'உள்ளது நாற்பது' என்ற தன் பாடல் நூலில் ரமணர் சொல்லும் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இறந்தகாலமும் எதிர்காலமும் நிகழ்காலத்தைப் பற்றிக்கொண்டுதான் நிற்கின்றன. நடக்கும்போது அவையும் நிகழ்காலம்தான். இன்றையதன் உண்மை தெரியாமல் போனதையும் வருவதையும் ஆராய்வது, ஒன்று என்ற எண்ணை விட்டுவிட்டு எண்ணப் பார்ப்பது போல. இன்று காலை புளியங்கொட்டையை எடுத்து வைக்கும்போது இது ஞாபகம் வந்தது. பதினாலாவது கொட்டை என்று நான் சொல்லிக்கொள்கிறேன். கையில் இருப்பது எப்போதும் ஒரு கொட்டைதான்.

பிப்ரவரி 11, செவ்வாய் (நாள் 23)

தைப்பூசம். ராத்திரி கிரிவலம், 14 கிலோமீட்டர், நல்ல கூட்டம். நிறைமாத கர்ப்பிணி போல மெதுவாக நடக்க வேண்டும் என்பார்கள். நடந்தேன். கால் வலிக்கிறது, மனசு நிறைந்திருக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 15, சனி (நாள் 27)

மூன்று நாளாக எழுத முடியவில்லை. உட்கார்ந்தால் ஒரே காட்சி வருகிறது.

அம்மாவுக்கு நோய் முற்றிய மூன்றாவது வருடம், ஒரு சாயங்காலம். துவைத்துக் காயப்போட்ட துணியையெல்லாம் கொடியிலிருந்து இழுத்து மண்ணில் போட்டுவிட்டாள். அன்றைக்கு அது மூன்றாவது தடவை. நான் கத்தினேன். "எத்தனை தடவைம்மா சொல்றது!" என்று எவர்சில்வர் வாளியைத் தரையில் எறிந்தேன். அது உருண்டு கிணற்றடியில் போய் முட்டி நின்றது. இத்தனை வருடமாக இந்தக் காட்சி எனக்குள் இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை.

இன்று ஹாலில் அது வந்தபோது தள்ளிவிடாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒன்று உறைத்தது. இந்தக் காட்சியில் என் முகம் தெரிகிறது. அவிழ்ந்த தலைமுடி, இடுப்பில் சொருகிய மஞ்சள் புடவை, திறந்த வாய் எல்லாமே தெரிகிறது. என் முகத்தை நான் எப்படிப் பார்த்திருக்க முடியும்? அதுவும் கீழேயிருந்து மேலே பார்ப்பது போல, முழங்கால் உயரத்திலிருந்து. கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்தவள் அம்மா. அப்படியானால் இத்தனை நாளும் நான் அம்மாவின் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அது அம்மாவின் கண் அல்ல என்று அறிவுக்குத் தெரிகிறது. நடந்ததற்கு அப்புறம் நானே உட்கார்ந்து வரைந்த படம் அது. அவள் என்னை எப்படிப் பார்த்திருப்பாள் என்று பயந்து பயந்து வரைந்தது. ஹாலை விட்டு வெளியே வந்து கிணற்றுப் பக்கம் ரொம்ப நேரம் நின்றேன்.

பிப்ரவரி 19, புதன் (நாள் 31)

கந்தாசிரமம், விரூபாட்ச குகைக்கு அப்புறம் ரமணர் மலைமேல் இருந்த இடம். ரமணரின் அம்மா அழகம்மாள் 1922 மே 19 அன்று இங்கேதான் உயிரை விட்டார். அன்று காலையிலிருந்து ராத்திரி வரை மகன் பக்கத்திலேயே உட்கார்ந்து, வலது கையை அம்மாவின் மார்பிலும் இடது கையைத் தலையிலும் வைத்திருந்தார். வாசனைகள், அதாவது உள்ளே ஒட்டிக்கிடக்கும் பழைய பதிவுகள், காட்சி காட்சியாக எழும்பி அடங்கின என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார்.

என் அம்மா கடைசி வருடங்களில் என்னை "அக்கா" என்று கூப்பிடுவாள். பெரியம்மா என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டாச்சா, ஆற்றில் தண்ணீர் வந்திருச்சா என்று கேட்பாள். நான் ஒவ்வொரு தடவையும் திருத்தினேன். இது 2021ம்மா, நான் உன் பொண்ணு. அவளுக்குக் காட்சி காட்சியாக எழும்பிக்கொண்டிருந்த நேரத்தில் நான் தேதி சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு கையையாவது அவள் தலையில் வைத்திருக்கலாம். ஒருவேளை வைத்தும் இருப்பேன். ஞாபகம் இல்லை.

பிப்ரவரி 27, வியாழன் (நாள் 39)

நேற்று மகாசிவராத்திரி. நாலு காலமும் கண் விழித்தேன். சிவன் அடிமுடி தெரியாத நெருப்பாக நின்றது இந்த ஊரில்தான். அடியைத் தேடி விஷ்ணு பன்றியாகத் தோண்டிப் போனார். முடியைத் தேடி பிரம்மா அன்னமாகப் பறந்தார். முடியிலிருந்து எத்தனையோ காலமாக விழுந்துகொண்டிருந்த தாழம்பூ வழியில் எதிர்ப்பட, முடியைப் பார்த்ததாக எனக்காகச் சாட்சி சொல் என்று கேட்டார் பிரம்மா. பூவும் சொன்னது. அதனால்தான் சிவபூஜைக்குத் தாழம்பூ ஆகாது.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. நேற்று மூன்றாம் ஜாமத்தில், தூக்கம் கண்ணைச் சொக்கும் நேரத்தில், அந்தப் பூவை நினைத்தேன். அது நிஜமாகவே அங்கிருந்துதான் வந்தது. முடி எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியும். விழுந்துகொண்டே இருந்ததில், கேட்டவர் விருப்பத்துக்குச் சாட்சி சொல்லிவிட்டது. என் வாளிக் காட்சியும் அப்படித்தானோ? அதுவும் நடந்த இடத்திலிருந்துதான் வந்திருக்கிறது. வழியில் யார் கேட்டு அது என்ன சொன்னதோ.

மார்ச் 1, சனி (நாள் 41)

பாட்டிலில் ஏழு கொட்டை இருக்க வேண்டும். எட்டு இருக்கிறது. ஜன்னல் திட்டில் எண்ணினால் நாற்பது. ஏதோ ஒரு நாள் எடுத்து வைக்காமல் இருந்திருக்கிறேன். எந்த நாள் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. முதல் வாரமாக இருந்தால் பதறியிருப்பேன். இன்று அந்த எட்டையும் அப்படியே விட்டுவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். அந்தச் சாயங்காலம் அவளும் ஊரில்தான் இருந்தாள். கேட்க இத்தனை வருடம் தைரியம் வரவில்லை.

"வாளியை எறிஞ்சியா? இல்லடி. டொம்முனு வச்ச. நான் அடுப்படி ஜன்னல்ல நின்னு பாத்துட்டுதானே இருந்தேன்."

"உருண்டு போச்சேக்கா."

"அது எனக்குத் தெரியல. நீ கத்தின, அது நிஜம். அப்புறம் படியில அம்மா பக்கத்துல உட்காந்து அழுதே. அம்மா உன் தலையத் தடவிட்டு 'சாப்பிட்டியா'ன்னு கேட்டா. உனக்கு ஞாபகம் இல்ல?"

இல்லை. துளிக்கூட இல்லை. கண்ணை மூடித் தேடிப் பார்த்தேன். படி வருகிறது, வாளி வருகிறது, தலையில் ஒரு கை வரவில்லை. அக்கா என் மேலுள்ள பிரியத்தில் அப்படி ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறாளோ என்றும் தோன்றியது. எது நடந்தது என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் "சாப்பிட்டியா" என்பது அம்மாவின் சொல். நான் யார் என்று தெரியாத நாட்களிலும் அவள் அதைக் கேட்டிருக்கிறாள். அக்கா இட்டுக்கட்ட வேண்டிய அவசியமே இல்லை.

மார்ச் 8, சனி (நாள் 48)

என்னை அழைத்துப்போக அக்கா நேற்றே வந்துவிட்டாள். காலையில் அவளைப் பழைய ஹாலுக்குக் கூட்டிப்போனேன். எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியவில்லை. நான் பார்க்கவில்லை. திரும்பி வந்து, பெட்டி கட்டி, அறையைப் பெருக்கினேன். புளியங்கொட்டைகளை வீட்டுக்கார அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். பல்லாங்குழிக்கு ஆகும் என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்காவுக்கும் அறுபத்து மூன்று ஆகிறது. பக்கவாட்டில் பார்த்தால் அப்படியே அம்மா ஜாடை.

"மணி என்னடி?" என்றாள்.

"மூணேகால்க்கா."

கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. வெயில் மலையின் தோளிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் மறுபடி கேட்டாள், "மணி என்ன ஆச்சு?"

சொன்னேன்.