காலையில் மடங்காத விரல்கள்

மூன்று வருடம் என் விரல் வீக்கத்தையும் வலியையும் வேலை வலி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் மட்டும் இல்லை, எங்கள் தெருவே அப்படித்தான் நினைத்தது. முக்கூடல் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பீடித்தட்டு உண்டு. எனக்குப் பன்னிரண்டு வயதானபோது அம்மா அவள் மடியில் இருந்த தட்டை என் மடிக்கு மாற்றினாள். அன்றிலிருந்து கல்யாணம், பிள்ளைப்பேறு, சாவு வீடு தவிர நான் பீடி சுற்றாத நாள் கிடையாது. கழுத்து வலி, இடுப்பு வலி, தோள்பட்டை வலி எல்லாம் எங்களுக்குக் கூடவே பிறந்தவை. அதனால் 2013 ஐப்பசி மழையில் என் விரல் மொழிகள், அதாவது விரல் மூட்டுகள், வீங்க ஆரம்பித்தபோது, மாமியார் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பீடி சுத்துத கை வலிக்கத்தானட்டி செய்யும். எண்ணெய் போட்டு நீவு" என்றார். நீவினேன்.

காலையில்தான் கொடுமை. எழுந்ததும் கை மூடாது. பீடி இலையை நனைத்துச் சுற்றி வைக்கிற ஈரச் சாக்கை விரல்களுக்குள் திணித்துவிட்ட மாதிரி கனமாக இருக்கும். செம்பை எடுக்கப் போனால் விரல்கள் அதைச் சுற்றி வளையாது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அணைத்துத்தான் தூக்குவேன். வாசல் தெளித்துவிட்டுக் கோலப்பொடியை எடுத்தால், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பொடி நிற்காமல் ஒரே இடத்தில் குவியலாகக் கொட்டிவிடும். அந்த மார்கழி முழுவதும் எட்டு வயது மகள்தான் கோலம் போட்டாள்.

ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் கை கொஞ்சம் இலகும். இலகியதும் தட்டை எடுத்துவிடுவேன். இலகுகிறதே, அப்போ பெரிய வியாதி ஒன்றும் இல்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். அது எவ்வளவு தப்பான கணக்கு என்று பிறகுதான் தெரிந்தது.

யார் எதைச் சொன்னாலும் செய்து பார்த்தேன். முடக்கத்தான் கீரையை அரைத்து மாவில் கலந்து மாதக் கணக்கில் தோசை சாப்பிட்டோம். முடக்கை அறுப்பது என்று பேரிலேயே இருக்கிறதே என்று நம்பிக்கை. கீரையை நான் குறை சொல்லவில்லை, இன்றைக்கும் சாப்பிடுகிறேன், ஆனால் வீக்கம் அதற்குக் கட்டுப்படவில்லை. அப்புறம் ஒரு மருந்துக் கடையில் வலிக்கென்று காகிதப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்கள். நாலைந்து மாத்திரை இருக்கும், எதிலும் பேர் கிடையாது. ஒரு பொட்டலம் போட்டால் மறுநாள் கை பூப்போல ஆகிவிடும். எனக்குத் தெய்வமே கண் திறந்த மாதிரி இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் அதைத்தான் தின்றேன். முகம் உருண்டையானது. கல்யாண வீடுகளில் மைனிமார் எல்லாம், "ஏட்டி, சதை போட்டு நல்லா இருக்கியே" என்றார்கள். அது சதை இல்லை, ஸ்டீராய்டு போட்ட ஊதல் என்று எனக்குச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

2016 ஆடியில் இடது கை மணிக்கட்டு சுத்தமாகப் பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் யாரிடமோ விசாரித்துப் பாளையங்கோட்டையில் மூட்டுவாதத்துக்கென்றே பார்க்கிற டாக்டரிடம் கூட்டிப்போனார். எக்ஸ்ரே, ரத்தம் எல்லாம் பிறகுதான். முதலில் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "காலையில எழுந்திருச்சா கை மடங்க எவ்வளவு நேரம் ஆகும்?" அந்தக் கேள்வியை மூன்று வருடத்தில் ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. நான் மணி பார்த்ததில்லை. யோசித்து, "பால் வாங்கி, தண்ணி பிடிச்சு, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புற வரைக்கும் மடங்காது சார்" என்றேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். வேலையால் வருகிற வலி வேலை செய்யச் செய்யக் கூடும், சாயந்தரம் உச்சத்துக்குப் போகும், தூங்கி எழுந்தால் குறையும். இந்த வியாதி அதற்கு நேர் எதிர். ஓய்வில் இருந்து எழுந்ததும்தான் மோசமாக இருக்கும், அசைக்க அசைக்க இலகும். காலை இறுக்கம் ஒரு மணி நேரம் போல நீடித்தால் கவனிக்கணும். அடுத்து, என் இரண்டு கையையும் மேசைமேல் வைக்கச் சொன்னார். கையும் விரலும் சேருகிற மொழிகளைப் பக்கவாட்டில் சேர்த்து லேசாக அழுத்தினார். உயிர் போனது. "எந்தக் கையால சுத்துவீங்க?" என்று கேட்டார். சுற்றுவதும் மடக்குவதும் வலது கைக்குத்தான் அதிகம், இடது பெரும்பாலும் இலையைப் பிடிக்கத்தான் என்றேன். "அப்படின்னா இடது கையும் அதே மொழியில ஏன் வீங்கியிருக்கு?" என்றார். என் கையை நான் தினமும் பத்து மணி நேரம் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அது எனக்குத் தோன்றவே இல்லை.

ரத்தத்தில் வீக்கத்தைக் காட்டுகிற ஈஎஸ்ஆர், சிஆர்பி, இந்த வாதத்தைக் காட்டுகிற ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி சிசிபி எல்லாம் பார்த்தார்கள். கை எக்ஸ்ரேயில் எலும்பின் ஓரங்கள் எலி கொறித்த மாதிரி இருந்தன. முடக்குவாதம். சரவாங்கி என்றும் சொல்வார்கள். கிருமியை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது, அந்த வீக்கம் நாள்பட நாள்பட எலும்பை அரிக்கிறது. பீடி சுற்றியதால் வந்ததா என்று கேட்டேன். கை வேலை இதைக் கொண்டுவராது என்றார். ஆனால் புகை பிடிக்கிறவர்களுக்கு வாய்ப்பு கூடுதல், வந்தபிறகு பிடித்தால் மருந்தும் சரியாகக் கேட்காது என்றார். என் வீட்டுக்காரர் அன்றைக்கே சட்டைப் பையில் இருந்த பீடிக் கட்டை வெளியே போட்டார். அரித்துப்போன எலும்பு திரும்பி வராது, இனி அரிக்காமல் நிறுத்தலாம் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். மூன்று வருடத்துக்கு முன்னால் வந்திருந்தால் என்ற நினைப்பு இன்றைக்கும் போகவில்லை.

இனி சொல்லப்போவதை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிற யாராக இருந்தாலும் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள்.

நெஞ்சு எக்ஸ்ரேயும் ஈரல் சம்பந்தமான ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிட்டு, முடக்குவாதத்தை அடக்குகிற மெத்தோட்ரெக்சேட் எழுதினார். 2.5 மில்லிகிராம் மாத்திரை மூன்று, வாரத்தில் ஒரே ஒரு நாள். மற்ற நாட்களுக்கு ஃபோலிக் ஆசிட் என்கிற சத்து மாத்திரை. டாக்டர் சொன்னார், சீட்டிலும் எழுதினார். ஆனால் அன்றைக்கு என் காதில் விழுந்ததெல்லாம் "எலும்பு திரும்பி வராது" என்பதுதான். மாத்திரை வாங்கிய கடையில் உறையின்மேல் "காலை 3" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். நான் உறையைப் பார்த்துத் தினமும் காலையில் மூன்று போட்டேன். ஆறு நாள். ஐந்தாம் நாளே உதட்டுக்குள் புண். ஏழாம் நாள் நாக்கு, தொண்டை எல்லாம் வெந்துபோய் எச்சில் விழுங்க முடியவில்லை, காய்ச்சல் வேறு. பாளையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் வெள்ளையணு அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. அந்த மருந்தின் வேகத்தை முறிக்கிற ஃபோலினிக் ஆசிட் ஊசி போட்டு, பதினொரு நாள் வைத்திருந்து காப்பாற்றினார்கள். வாரம் ஒருமுறை போட்டால் கையைக் காப்பாற்றுகிற அதே மாத்திரை, தினமும் போட்டால் ஆளையே கொண்டுபோய்விடும்.

ஊருக்கு வந்ததும், "அந்த விஷத்தை இனித் தொடாதே" என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் பயம்தான். டாக்டரிடம் போய், வேறு மாத்திரை கொடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். தப்பு மருந்தில் இல்லை, நாளில் என்று பொறுமையாகச் சொன்னார். இரண்டு மாதம் கழித்து ரத்தம் சரியான பிறகு மறுபடி ஆரம்பித்தோம். இந்தத் தடவை மகள் ஒரு வழி செய்தாள். நாலு வாரத்துக்கு வேண்டிய பன்னிரண்டு மாத்திரையை மட்டும் வைத்துக்கொண்டு, மூன்று மூன்றாக அட்டையைக் கத்தரித்து, ஒவ்வொரு துண்டையும் சுவர்க் காலண்டரில் அந்தந்த ஞாயிற்றுக்கிழமைமேல் ஒட்டிவிட்டாள். ஞாயிறு ராத்திரி சாப்பிட்டதும் காலண்டரில் இருந்து பிய்த்துத்தான் போடணும். அதில் இல்லையென்றால் அன்றைக்கு மாத்திரை கிடையாது. இத்தனை வருடமாக இதுதான் நடக்கிறது. உங்கள் வீட்டிலும் உறையின்மேல் கிழமையைப் பேனாவால் பெரிதாக எழுதுங்கள். எழுதாமல் கடையை விட்டு நகராதீர்கள். பிள்ளை பெற நினைக்கிற பெண்கள் இதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லவேண்டும். அந்த நேரத்தில் இந்த மருந்து கூடாது.

போட்ட மறுவாரமே குணம் தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பத்து வாரம் ஆனது. அதுவரை குறைந்த அளவில் ஸ்டீராய்டு கொடுத்தார், பிறகு படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். திடீரென்று நீங்களாக நிறுத்தக்கூடாது. பதினோராம் வாரம் ஒரு காலையில், அடுப்பு பற்றவைத்து, கொதித்த பாலை இறக்கிவைத்த பிறகுதான் கவனித்தேன், பால் சட்டியைப் பிடிதுணியோடு விரல்களால் பிடித்து இறக்கியிருந்தேன். உள்ளங்கையால் அணைக்கவில்லை. அப்படியே நின்றுவிட்டேன்.

2017 முதல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில்தான் மாத்திரை வாங்குகிறேன், காசு கிடையாது. திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி வேறு பஸ் மாறிப் போய் வர ஒரு நாள் போய்விடும். ஆனால் ரத்தப் பரிசோதனையும் அங்கேயே முடிந்துவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈரலும் ரத்த அணுக்களும் பார்த்தே ஆகணும். கூடவே இதே வாதத்துக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையும் சாப்பிடுவதால் வருடம் ஒருமுறை திருநெல்வேலி அரவிந்தில் கண்ணைக் காட்டுகிறேன், அது விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால். 2020 ஊரடங்கில் கொரோனாவுக்கு அந்த மாத்திரை கேட்கும் என்று செய்தி வந்ததும் எங்கள் பக்கத்துக் கடைகளில் ஒரு அட்டைகூட இல்லாமல் போனது. பஸ்ஸும் ஓடவில்லை. ஏழு வாரம் அது இல்லாமல் இருந்தேன். வலது கை நடுவிரல் மொழி அப்போது வீங்கியதுதான், பழைய அளவுக்கு இன்னும் வற்றவில்லை.

பீடியை 2017 தையில் விட்டேன். மருந்து வேலை செய்தாலும் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. அளவுத் தகட்டை இலைமேல் வைத்து வெட்டும்போது முழு அழுத்தமும் கட்டைவிரல் அடியில்தான் விழும். ஆயிரம் என்பது எழுநூறாகி, முந்நூறாகி, கடைசி வாரம் மொத்தமே பத்துக் கட்டு. இருபத்தைந்து எண்ணிக் கட்டும்போது நூல் நழுவி நழுவி விழுந்தது. பீடிக்கடையில் கணக்கு முடித்துவிட்டு வந்தேன். வருமானம் போன கவலை ஒரு பக்கம், ஆனால் அதைவிடப் பெரிய துக்கம் ஒன்று இருந்தது. டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது, மடியில் ஒன்றும் இல்லாமலேயே என் இரண்டு கட்டைவிரலும் இலையை உருட்டுகிற மாதிரி தானாக அசையும். மாமியார் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என் கையை எடுத்து அவர் மடியில் வைத்துக்கொள்வார். எண்ணெய் போட்டு நீவு என்று சொன்ன அதே மாமியார்தான்.

வீட்டு வேலையை விட முடியாது, அதனால் செய்கிற விதத்தை மாற்றினேன். பிசியோதெரபி பிரிவில் மெழுகை உருக்கி, சூடு பொறுக்கிற பதத்தில் கையை முக்கி எடுக்க வைத்தார்கள். அதுகூட இல்லாத நாளில் வீட்டில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கையை வைத்து மெதுவாக மூடித் திறப்பேன். அங்கே ஒரு தங்கச்சி சொல்லிக்கொடுத்த பாடம் இதுதான்: விரல் செய்கிற வேலையை மணிக்கட்டுக்கு மாற்று, மணிக்கட்டு செய்வதை முழங்கைக்கு மாற்று. பையை விரலில் தூக்குவதில்லை, முழங்கையில் மாட்டிக்கொள்வேன். துணியை முறுக்கிப் பிழிவதில்லை, குழாயைச் சுற்றிப் போட்டு இரண்டு முனையையும் சேர்த்து இழுப்பேன். செம்பு போய்ப் பெரிய கைப்பிடி வைத்த கப் வந்தது. ஜாக்கெட்டில் கொக்கிக்குப் பதில் ஒட்டுகிற பட்டை. கரண்டிக் காம்பில் சைக்கிள் கைப்பிடி ரப்பர். தேங்காய் துருவுவதை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார், நன்றாகவே துருவுகிறார். ராத்திரி மணிக்கட்டுக்குப் பட்டை கட்டிக்கொண்டு படுக்கிறேன்.

ரேஷன் கடையில்தான் இன்னும் இடறல். இத்தனை வருடம் இலையில் உரசித் தேய்ந்த ரேகை ஒரு பக்கம், எந்திரத்தில் விரல் தட்டையாகப் படியாதது இன்னொரு பக்கம். கார்டில் பேர் உள்ள யார் வைத்தாலும் சரி என்பதால் மகள் வைக்கிறாள். தனியாக இருக்கிற பீடிக்காரப் பெண்கள் ஆதார் மையத்தில் பத்து விரலையும் கண்ணையும் மறுபடி பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் போனில் பேசப் பேச அது எழுதுகிறது, பிழைகளை மகள் திருத்துகிறாள். எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் எங்கள் எதிர்வீட்டுப் பெண். முப்பத்திரண்டு வயது, சின்னப் பிள்ளைகள் இரண்டு. போன வாரம் திண்ணையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, காலையில கோலப்பொடி கையில நிக்க மாட்டேங்கு" என்றாள். அவள் இரண்டு கையையும் என் மடியில் வைத்து, டாக்டர் செய்த மாதிரியே மொழிகளைச் சேர்த்து லேசாக அழுத்தினேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். இரண்டு மாதம் என்றாள். செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பீடிக்கடையில் கணக்குக் கொடுக்கிற நாள். அதனால் புதன்கிழமை முதல் பஸ்ஸில் ஹைகிரவுண்ட் போகிறோம். சின்னவனை என் மாமியார் பார்த்துக்கொள்வார்.