எட்டு எழுத்துகளில் என் பிறப்பு

தைபேயில் வாடகைக்குப் பிடித்த வீட்டுக்குள் போக நாங்கள் ஒன்பது நாள் காத்திருந்தோம். முன்பணம் கட்டியாயிற்று, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் இட்டாயிற்று. ஆனால் வீட்டுக்கார அம்மையார் அடுக்களைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியின் தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, குடிபுகுதல் 'செய்யத் தக்கவை' என்ற கட்டத்தில் அச்சாகியிருக்கும் நாளில்தான் வர வேண்டும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். பக்கத்துக் கட்டத்தில் அன்று தவிர்க்க வேண்டியவை இருந்தன. ராகு காலமும் எமகண்டமும் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தத் தாள் அயலாகப் படவில்லை. குறித்த நாளில், நம் வீடுகளில் பால் காய்ச்சுவதுபோல, அரிசி நிறைந்த வாளியை முதலில் உள்ளே கொண்டுபோகச் சொன்னார். அவரை 'ஆயி' என்றே அழைக்கிறேன். சீனத்தில் அது தாயின் உடன்பிறந்தவளுக்கு உரிய முறை. நம் ஊர்ப்புறங்களிலோ தாயையே அப்படி அழைப்பவர்கள் உண்டு.

சீனச் சோதிடத்தில் ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டு விலங்குகளில் ஒன்றுக்கு உரியது. என் விலங்கு எதுவென்று சொல்ல, ஆயி என் பிறந்த ஆண்டைக் கேட்டார். 1986 என்றேன். புலி என்று சொல்ல வாயெடுத்தவர், பிப்ரவரி 6 என்றதும் தயங்கி, எருது என்றார். அவ்வாண்டின் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 9 அன்றுதான் பிறந்தது. சில வாரங்கள் கழித்து, சிங்தியான் கோயிலருகே சோதிடர்கள் வரிசையாக அமர்ந்திருக்கும் சுரங்கப்பாதைக்கு அவரே என்னை அழைத்துப் போனார். அங்கிருந்த முதியவரோ புலிதான் என்றார். பிறப்பைக் கணிக்கும் முறையில் ஆண்டு தொடங்குவது அமாவாசையை ஒட்டி வரும் புத்தாண்டில் அல்ல. சூரியன் 315 பாகையை அடையும் 'லிச்சுன்' என்ற வசந்தத் தொடக்கத்தில்தான். அது பிப்ரவரி 4 அளவில் வரும். சீனச் சோதிடம் முழுவதும் சந்திரனைச் சார்ந்தது என்று நினைத்திருந்த எனக்கு இது பெரிய திருத்தமாக இருந்தது.

முதியவர் சிவப்புத் தாளில் நான்கு பத்திகள் வரைந்து, வலமிருந்து இடமாக ஆண்டு, மாதம், நாள், நேரம் என ஒவ்வொன்றிலும் மேலும் கீழுமாக இரண்டிரண்டு எழுத்துகளை எழுதினார். மேலே வருபவை பத்து 'வானத் தண்டுகள்', கீழே வருபவை பன்னிரண்டு 'மண்ணின் கிளைகள்'; ஒவ்வொரு கிளைக்கும் ஒரு விலங்கு உண்டு. இரண்டும் இணைந்து சுழலும்போது அறுபது இணைகள் கிடைக்கின்றன. நான் பிறந்தது அதிகாலை நாலரை மணிக்கு. அவர்களுடைய ஒரு பொழுது இரண்டு மணி நேரம், நம் கணக்கில் ஐந்து நாழிகை. என் ஆண்டிலும் மாதத்திலும் பொழுதிலும் புலியே வந்தது. நாளில் மட்டும் பாம்பு.

இந்த விலங்குகளே சீனச் சோதிடம் என்று எண்ணுவது தவறு. சீனாவின் ஆன்யாங்கில் கிடைத்த ஷாங் அரச மரபுக் காலத்து எலும்புகளில், மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, அறுபது இணைகளும் நாட்களை எண்ணுவதற்காகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே விலங்குகள் இல்லை. கிளைகளோடு விலங்குகளைச் சேர்த்துச் சொல்லும் பட்டியல், 1975இல் ஷுயிஹுதியில் சின் காலத்துக் கல்லறையொன்றில் கிடைத்த மூங்கில் பட்டைகளில் இருக்கிறது. பிறந்த ஆண்டு, மாதம், நாளைக் கொண்டு பலன் சொல்லும் முறையைத் தாங் காலத்து லீ ஷுசோங்கோடும், நேரத்தையும் சேர்த்து, பிறந்த நாளின் தண்டையே மனிதனாகக் கொண்டு கணிக்கும் முறையைச் சோங் காலத்து ஷு ட்ஸுபிங்கோடும் மரபு இணைத்துச் சொல்கிறது.

என் நாளின் தண்டு மென்மையான உலோகம், நகைக்கு ஆகும் உலோகம் என்றார் முதியவர். ஒவ்வோர் எழுத்தும் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்தில் ஒன்றைச் சேர்ந்தது. மரம் நெருப்பை வளர்க்கும், நெருப்பு சாம்பலாகி மண்ணாகும், மண் உலோகத்தைத் தரும், உலோகத்திலிருந்து நீர் பிறக்கும், நீர் மரத்தை வளர்க்கும். அதேபோல உலோகம் மரத்தை வெட்டும், நெருப்பு உலோகத்தை உருக்கும். இவற்றை நம் ஐம்பூதங்களோடு குழப்பிக்கொள்ளக் கூடாது; இவை பொருள்கள் அல்ல, ஒன்று மற்றொன்றாக மாறும் நிலைகள். என் எட்டு எழுத்துகளில் மரம் மூன்று, உலோகம் மூன்று, நெருப்பு இரண்டு. நீரும் மண்ணும் இல்லவே இல்லை. குழந்தையாக இருந்திருந்தால் நீரைக் குறிக்கும் எழுத்துள்ள பெயரை வைத்திருப்பார்கள் என்று ஆயி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நம் சாதகத்தில் போலச் சந்திரன் எந்த வீட்டில் நின்றது என்று இங்கே யாரும் கேட்கவில்லை. கோள்களை விட்டு, காலத்தையே எழுத்தாக்கிப் படிக்கும் இந்தத் துணிவை நான் மனமார மதிக்கிறேன்.

ஆனாலும் இந்தக் கணக்கின் அடியில் வியாழன் என்ற கோள் இருக்கிறது. அது வானைச் சுற்றிவர ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு எதிர்த்திசையில் நகர்வதாகக் கற்பித்துக்கொண்ட 'தாய்சுயி' என்ற கற்பனைக் கோளே ஆண்டுக்குக் காவலான தெய்வமாயிற்று. தன் விலங்கின் ஆண்டு திரும்பும்போது தாய்சுயியின் சினத்துக்கு ஆளாகாமலிருக்கக் கோயிலில் விளக்கு ஏற்றுகிறார்கள். ஆயி பிறந்தது 1966 ஜூன், நெருப்புக் குதிரை ஆண்டு. அறுபது இணைகளும் சுற்றி முடிந்து, 2026 பிப்ரவரி 17 அன்று அதே நெருப்புக் குதிரை திரும்பியது. விளக்கேற்றி வந்தவரிடம் திருக்கடையூரைப் பற்றிச் சொன்னேன்: அறுபதாம் ஆண்டை நாங்களும் கண்டமாகக் கருதிச் சாந்தி செய்கிறோம், எங்களுக்கும் அறுபது ஆண்டுகளுக்கு அறுபது பெயர்கள் உண்டு, நீங்கள் பிறந்தது பராபவ ஆண்டில், வரும் சித்திரையில் பிறப்பதும் பராபவ ஆண்டுதான்.

அவர் எழுந்து போய்ச் சுவரிலிருந்த நாட்காட்டியைக் கழற்றி வந்து, சித்திரை முதல் நாளின் தாளைத் தேடச் சொல்லி, அதன் ஓரத்தில் அந்தப் பெயரைத் தமிழில் எழுதித் தரும்படி பேனாவை என்னிடம் நீட்டினார்.