பத்தொன்பது மில்லி

ஜூன் 3
1,390 கிராம். பிறந்தபோது 1,450. 32 வாரத்தில் பிறந்தவன், முதலில் எடை இறங்கித்தான் ஏறும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "தொடையில சதையே இல்லையேடி." உண்மைதான். தோல் தளர்ந்து மடிப்பு மடிப்பாகக் கிடக்கிறது.

ஜூன் 5
சிரிஞ்சில் பிஸ்டனைக் கழற்றிவிட்டு, அவன் வயிற்றுக்குப் போகும் டியூபில் செருகி, ஒரு சாண் உயரத்தில் பிடிக்கிறார் சிஸ்டர். பால் தானாக இறங்குகிறது. பிறகு இரண்டு மணி நேரம் ஒன்றும் கிடையாது. சொட்டுச் சொட்டாகக் கொடுத்துக்கொண்டே இருக்கக் கூடாதா என்றேன். "வயிறுன்னா நிறையணும், காயணும் அக்கா."

ஜூன் 6
பயாலஜி டீச்சர் புத்தி, தூங்க விடவில்லை. அமெரிக்காவின் ஹூஸ்டனில் தெரேசா டேவிஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் பிறந்த பன்றிக்குட்டிகளிடம் இதைத்தான் பல வருடமாகப் பார்த்திருக்கிறார்கள். பால் உள்ளே போனதும் ரத்தத்தில் இன்சுலினும் அமினோ அமிலங்களும் ஏறும். இரண்டும் தனித்தனியாகவே தசைக்குள் எம்டார் என்ற புரதத்தை முடுக்கிவிட, தசைப் புரதம் கட்டும் வேலை சூடுபிடிக்கும். அமினோ அமிலங்களில் லூசின் என்ற ஒன்று முந்திரிக்கொட்டை, முடுக்குவதில் அதுதான் முந்தும். ஓயாமல் சொட்டிய குட்டிகளைவிட, இடைவெளி விட்டு ஒரே மூச்சில் ஊட்டிய குட்டிகளுக்குத் தசை கூடியது. இந்த வேகம் பிறந்த புதிதில்தான் உச்சம், வாரம் போகப்போக மங்கிவிடும். பன்றிக்குட்டிக் கணக்கை அப்படியே இவன்மேல் போட மாட்டேன். குறைமாதக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகள் ஒரே பக்கம் சாயவில்லை. ஆனாலும் சிஸ்டர் சொன்னதை இன்னொரு தரம் நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 9
1,440. பாலில் சத்துப் பவுடர் கலக்கிறார்கள். "தாய்ப்பாலுக்கு மேல என்னடி பவுடர்?" அம்மாவுக்குக் கோபம். நோட்டில் போட்டுக் காட்டினேன். 19 மில்லி, 12 வேளை, மொத்தம் 228. நூறு மில்லிக்கு ஒன்றரை கிராம் புரதம் என்று தாராளமாக வைத்தாலும் மூன்றரை கிராம்கூடத் தேறாது. ஒரு நாளைக்குக் கிலோவுக்கு மூன்றரை கிராம் புரதம் என்றால் இவனுக்கு ஐந்து வேண்டும். அம்மா நோட்டைப் பார்க்கவே இல்லை. "உன் பால் போதலன்னு எவளும் சொல்லிடக் கூடாது" என்றாள். கோபம் அதில்தான் இருந்திருக்கிறது.

ஜூன் 12
1,505! பிறந்த எடையைத் தாண்டிவிட்டான். தசை இழைகளின் எண்ணிக்கை பிறப்பை ஒட்டியே பெரும்பாலும் முடிவாகிவிடுமாம். இனி இருக்கிற இழை தடிக்கணும், நீளணும். நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தபோது விலாவில் ஓர் உதை விட்டான். அம்மா தொடையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். "இன்னைக்குப் பிடிக்க ஏதோ இருக்கு."

இரண்டு மணிப் பாலுக்கு நேரமாச்சு.