அவிழாத முடிச்சு

விடிய நாலரைக்கு மட்டக்களப்பு கல்லடியில் மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது, மஞ்சள் துணியில் முடிந்த காசை அம்மா என் கையில் வைத்தார். போன வருசம் டெங்கு வந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கதிர்காமக் காட்டு வழி தொடங்குகிற உகந்தையில், அங்குள்ள முருகனுக்கு நேர்ந்தாராம். எனக்கே அன்றுதான் தெரியும். "முழங்கால் விடுகுதில்ல மனே, நீயே கொண்டு போய்ப் போடு" என்றார். காட்டு வழியாகக் கதிர்காமத்துக்கு மூன்று தரம் நடந்த கால்கள் அவை.

களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று எல்லாம் வேகமாகக் கடந்தன. திருக்கோவிலில் சித்திரவேலாயுதரை வாசலில் நின்றே கும்பிட்டுக்கொண்டேன். கோமாரிக்கு அங்கால், தலையில் மூட்டையோடு காவி கட்டிய பாதயாத்திரைக்காரர்கள் றோட்டோரமாக நடந்துகொண்டிருந்தார்கள். ஹோர்ன் அடித்து ஒதுக்கிவிட்டுப் போனேன். ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

பொத்துவிலில் ஒரு தேநீர், பாணமையில் கொஞ்ச நேரம். அதற்குப் பிறகு கிறவல் பாதை. பாதி வழியில் பின்சில்லு காற்றுப் போனது. போனில் சிக்னல் இல்லை. பாதை நடுவே யானை லத்தி, இன்னும் ஈரம் காயவில்லை. பயத்தில் வாய் உலர்ந்தது. முருகா முருகா என்று தள்ளத் தொடங்கினேன். மணலில் சில்லு புதையப் புதைய நெஞ்சு அடைத்தது.

பின்னால் "அரோகரா" கேட்டது. இது இன்னொரு யாத்திரைக் கூட்டம், நான் றோட்டில் கண்டவர்களுக்கு முன்னமே வந்து பாணமையில் தங்கிப் புறப்பட்டவர்கள். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்கு வாரக்கணக்கில் நடந்து வருகிறார்களாம். கால் விரல்கள் வெடித்திருந்தன, ஒரு அம்மாவின் குதிக்காலில் துணி சுற்றியிருந்தது. அவர்கள்தான் மூட்டையை மற்றவரிடம் கொடுத்துவிட்டு, மாறி மாறி என் சைக்கிளைத் தள்ளினார்கள்! குடிக்கத் தண்ணீரும் தந்தார்கள். ஹோர்ன் சத்தம் காதுக்குள்ளேயே நின்றது. எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

உகந்தையில் சனம் அள்ளு கொள்ளை. சைக்கிள் விட ஒருவன் காசு கேட்டான், அருச்சனைத் தட்டுக்குச் சொன்ன விலையைக் கேட்டால் மனம் நோகும். சந்நிதியில் போனைத் தூக்கிப் பிடித்த கைகள். சாமியை மறைத்துப் படம் எடுப்பவர்களை யாராவது தடுத்தால் நல்லது.

திரை விலகியது. தீபம் ஏறியது. கேட்க வைத்திருந்த எல்லாம் எங்கே போனதோ தெரியாது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், வியர்வையில் இறுகிக் கல்லாகியிருந்தது. அம்மா எந்த இரவில், எப்படி நடுங்கிக்கொண்டு இதை இறுக்கினாரோ! அப்படியே உண்டியலில் போட்டேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. கண் நிறைந்துவிட்டது. என்னைத் திருப்பித் தந்தவன் முன்னால் உயிரோடு நிற்கிறேன், முருகா, இதற்கு மேல் என்ன வேண்டும்? உள்ளங்கையில் மஞ்சள் ஒட்டியிருந்தது. மலையேறி வள்ளியம்மனைக் கும்பிட்டபோதும் அந்தக் கையைக் கழுவ மனம் வரவில்லை.

சில்லுக்கு ஒரு வான்காரர் ஒட்டுப் போட்டுத் தந்தார், காசு வாங்கவில்லை. அவரையும் முருகன் காப்பாற்றட்டும்.

இரவு வீடு வந்து திருநீறு கொடுத்தேன். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளைகள் இனிக் காட்டுக்குள்ள இறங்குவாங்களே" என்றார் அம்மா. பிறகு சாமித் தட்டடியில் இருந்து மஞ்சள் துணியில் ஒரு துண்டு கிழித்து, இன்னொரு காசை முடியத் தொடங்கினார்.